ஃபெரேரோ ரோஷே, நுடெல்லா, டிக் டாக், கிண்டர்: இவற்றுக்குப் பின்னால் இருந்த மிக்கேலே ஃபெரேரோ யார்?

கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தங்கத்தாள் சுற்றிய ஃபெரேரோ ரோஷே, நுடெல்லா, டிக் டாக், கிண்டர் ஜாய் எல்லாம் ஒரே கம்பெனியுடையவையா? அதை நடத்திய மிக்கேலே ஃபெரேரோ, அப்பா விட்டுப்போனதைக் கட்டிக்காத்தவரா அல்லது தானே உருவாக்கியவரா? இவ்வளவு பெரிய முதலாளியின் பெயர் ஏன் யாருக்கும் தெரியவில்லை, அந்தக் கம்பெனியின் பங்கு ஏன் சந்தையில் கிடைப்பதில்லை?

முதல் கேள்விக்கு ஆமாம். எல்லாம் ஒரே குடும்பத்தின் சரக்கு. இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும். கம்பெனியைத் தொடங்கியவர் அப்பா பியெத்ரோ. ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர் சித்தப்பா ஜொவான்னி. ஆனால் நீங்கள் கேள்வியில் சொன்ன பெயர்களில் ஒன்றுகூட அப்பா உயிரோடு இருந்தபோது கிடையாது. அத்தனையும் மிக்கேலே காலத்தில் வந்தவை. அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியானது இதுதான்: அவர் இனிப்பை மாற்றியதைவிட, மக்கள் இனிப்பை எப்போது வாங்குகிறார்கள், எந்த அளவில் வாங்குகிறார்கள், எவ்வளவு காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதைத்தான் அதிகம் மாற்றினார். அவருடைய பண்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இது தெரியும்.

வடமேற்கு இத்தாலியில் பியட்மான்ட் மாகாணம். அதில் தனாரோ ஆற்றங்கரையில் ஆல்பா என்ற சிற்றூர். சுற்றிலும் லாங்கே குன்றுகள், திராட்சைத் தோட்டங்கள், ஹேசல்நட் மரங்கள். ஹேசல்நட் என்பது சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைப் பருப்பு. வறுத்தால் வாசனை ஊரைக் கூட்டும். நெப்போலியன் காலத்தில் கடல் வணிகம் முடங்கிக் கோகோ தட்டுப்பாடு வந்தபோது, பக்கத்து டூரின் நகரத்து மிட்டாய்க்காரர்கள் அரைத்த ஹேசல்நட்டைக் கோகோவோடு கலந்து ஒப்பேற்றினார்கள் என்பது அந்த ஊர்க் கதை. அந்தக் கலவைக்கு ஜாண்டூயா என்று பெயர். ஃபெரேரோ குடும்பத்தின் கதை தொடங்குவது இந்த ஜாண்டூயாவில்தான்.

மிக்கேலே பிறந்தது 1925 ஏப்ரல் 26-ல், ஆல்பாவுக்குத் தெற்கே டொல்யானி என்ற ஊரில். அப்பா பியெத்ரோ இனிப்புக் கடைக்காரர். டொல்யானி, ஆல்பா, டூரின் என்று கடையை மாற்றி மாற்றிப் போட்டவர். 1930களின் கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்த இத்தாலியப் படையினருக்கு பிஸ்கட் விற்கலாம் என்று கப்பலேறினார். அது சரிப்பட்டு வரவில்லை, திரும்பி வந்தார். போர் வந்தது. கோகோ கிடைப்பதே அரிதாகி, கிடைத்ததும் யானை விலை விற்றது. ஹேசல்நட் மட்டும் ஊரிலேயே கிடைத்தது. போர் முடிந்து 1946-ல் பியெத்ரோ ஜாண்டூயாவை ரொட்டி வடிவில் கெட்டிக் கட்டியாக வார்த்து, ஈயத்தாளில் சுற்றி விற்றார். கத்தியால் வெட்டி ரொட்டியின் மேல் வைத்துச் சாப்பிட வேண்டும். ஏழைக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலை. அந்த ஆண்டு மே மாதம் கம்பெனி முறையாகப் பதிவானது.

மூன்றே ஆண்டுகளில், 1949-ல், பியெத்ரோ மாரடைப்பில் இறந்துபோனார். அம்மா பியெராவும் சித்தப்பா ஜொவான்னியும் தொழிலைத் தாங்கிப் பிடித்தார்கள். ஜொவான்னி பிறவி வியாபாரி. மொத்த வியாபாரிகளை நம்பாமல் சொந்த வேன்களில் சரக்கை ஏற்றி நேராகக் கடைகளுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். மிக்கேலே அப்போதே பட்டறைக்குள்தான் இருந்தார். கட்டியாக இருந்த ஜாண்டூயாவை ரொட்டியில் தடவும் பதத்துக்கு இளக்கி, சூப்பர்க்ரெமா என்ற பெயரில் 1951-ல் கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் ரொட்டித் துண்டோடு கடைக்குப் போனால், கடைக்காரர் கொஞ்சம் காசுக்கு அதில் தடவிக் கொடுப்பார். டப்பா வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு தடவல் கிடைத்தது. மிக்கேலே பின்னால் செய்த எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தச் சின்ன வியாபாரத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1957-ல் சித்தப்பாவும் போய்விட்டார். முழுப் பொறுப்பும் 32 வயது மிக்கேலே தலையில் விழுந்தது. அப்போது தொழிலாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். என் உழைப்பு முழுவதையும் இந்தக் கம்பெனிக்கே தருகிறேன், உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான எதிர்காலத்தை உறுதிசெய்த பிறகுதான் எனக்கு நிறைவு வரும் என்பது அதன் சாரம். இப்படிப்பட்ட கடிதங்களை எந்த முதலாளியும் எழுதலாம். இவர் விஷயத்தில் அதற்கு மதிப்பு வருவது பின்னால் செய்தவற்றால். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பொறுப்பேற்பதற்கு முன்பே அவர் ஒரு பெரிய பந்தயம் கட்டியிருந்தார். 1956-ல் ஜெர்மனியில் ஆலென்டார்ஃப் என்ற ஊரில், போர்க்காலத்தில் வெடிமருந்து செய்த தொழிற்சாலை வளாகத்தைப் பிடித்து அங்கே மிட்டாய் ஆலை தொடங்கினார். ஒரு சிற்றூர் இத்தாலியக் கம்பெனி ஜெர்மானியர்களுக்கே சாக்லேட் விற்கப் போகிறதா என்று கேட்டவர்கள் நிறைய. அங்கே அவர் இறக்கிய சரக்கு மோன் ஷெரி: சாக்லேட் ஓட்டுக்குள் ஒரு செர்ரிப் பழமும் கொஞ்சம் மதுவும். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட உயர்தர சாக்லேட் பெரிய பெட்டியில்தான் வரும். பண்டிகைக்கோ விருந்துக்கோ வாங்க வேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்கும். மிக்கேலே அதை ஒவ்வொன்றாகப் பளபளக்கும் சிவப்புத் தாளில் சுற்றி, ஒன்று ஒன்றாக விற்றார். போரில் நொடிந்து எழுந்துகொண்டிருந்த ஊரில், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் சில்லறைக் காசுக்கு மனைவிக்கு ஒரு பரிசு வாங்கிக்கொண்டு போக முடிந்தது. பெட்டி வாங்கும் வசதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஜெர்மனி அவருக்கு மிகப்பெரிய சந்தையானது.

இனி நுடெல்லா. 1960களின் தொடக்கத்தில் இத்தாலியில் வந்த ஒரு சட்டம், பண்டத்தின் பெயரில் 'சூப்பர்' போன்ற உயர்வுச் சொற்கள் போடுவதைக் கட்டுப்படுத்தியது. ஆக சூப்பர்க்ரெமா என்ற பெயரை மாற்றியே ஆக வேண்டும். மிக்கேலே பெயரை மட்டும் மாற்றி விட்டுவிடவில்லை. செய்முறையையும் சீராக்கி, ஐரோப்பா முழுவதும் வாயில் நுழையக்கூடிய ஒரு பெயரையும் வைத்தார். 1964 ஏப்ரல் 20-ல் முதல் நுடெல்லா ஜாடி ஆல்பா ஆலையிலிருந்து வெளியே வந்தது.

அதன் பதம் எப்படி வருகிறது என்று கேட்பவர்களுக்காக: சாக்லேட் கட்டியாக நிற்பது கோகோ வெண்ணெயால். அது அறை வெப்பத்தில் உறைந்திருக்கும், உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே உருகும். ஹேசல்நட் எண்ணெயோ அறை வெப்பத்தில் திரவம். பருப்பை நைசாக அரைத்தால் எண்ணெய் கசிந்து விழுதாகும், ஆனால் நாளாக ஆக எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். அரைக்கெட்டியாக இருக்கும் ஒரு தாவரக் கொழுப்பு சேர்த்தால் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். இப்போது அந்த வேலையைச் செய்வது பாமாயில். விழுதில் தண்ணீர் கிடையாது, அதனால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே கெடாமல் இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் கெட்டியாகிப் பாழாகும். ஐரோப்பிய ஜாடியில் ஹேசல்நட் 13 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள்.

இந்தப் பண்டங்களையெல்லாம் யாருக்காகச் செய்கிறோம் என்பதற்கு மிக்கேலே ஒரு பெண்ணைக் கற்பனை செய்து வைத்திருந்தார். அவளுக்கு வலேரியா என்று பெயர். கடைக்குப் போகிற அம்மா, பேரனுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைக்கிற பாட்டி, அத்தை, இவர்கள் எல்லோரும் சேர்ந்தவள் வலேரியா. கம்பெனியின் உண்மையான முதலாளி அவள்தான், அவள் நாளைக்கு வேறு பண்டத்துக்குக் கைநீட்டினால் நாம் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அவளுக்குத் துரோகம் செய்யக்கூடாது என்பது அவர் பேச்சு. ஒரு பண்டம் சரியா தவறா என்ற விவாதம் வந்தால் வலேரியா என்ன சொல்வாள் என்று கேட்பார். சந்தை ஆய்வு அறிக்கைகளைப் படிக்காதவர் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கடைக்குள் அடையாளம் தெரியாமல் நுழைந்து, யார் எதை எடுக்கிறார்கள், எதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். ஒரு புதுப் பண்டத்தை ஆண்டுக்கணக்கில் ருசி பார்த்து, திருப்தி இல்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பார். நான் கவனித்த வரையில், பெரிய உணவுக் கம்பெனிகளின் தலைவர்களில் பெரும்பாலோர் விற்பனையிலிருந்தோ கணக்கிலிருந்தோ மேலே வந்தவர்கள். தொண்ணூறை நெருங்கும் வயதிலும் பட்டறைக்காரராகவே இருந்தவர் இவர்.

கிண்டர் வரிசை வலேரியாவுக்காகவே செய்தது. 1960களின் கடைசியில் வந்த கிண்டர் சாக்லேட் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகச் சுற்றிய சின்னப் பட்டை. உள்ளே வெள்ளையாகப் பால் நிரப்பல். மற்றவர்கள் கோகோவைக் கூட்டிக்கொண்டிருந்தபோது இவர் பாலைக் கூட்டினார். பிள்ளைக்கு ஒரு முழு சாக்லேட் கொடுக்கத் தயங்கும் அம்மா, ஒரு சின்னத் துண்டை உரித்துக் கொடுப்பாள். அப்புறம் 1974-ல் கிண்டர் முட்டை. இத்தாலியில் ஈஸ்டருக்குப் பிள்ளைகளுக்குப் பெரிய சாக்லேட் முட்டை கொடுப்பார்கள், உள்ளே ஒரு பரிசு இருக்கும். ஆண்டுக்கு ஒரு நாள். தினமும் ஏன் ஈஸ்டராக இருக்கக்கூடாது என்று கேட்டார் மிக்கேலே. சின்ன முட்டை, மஞ்சள் குப்பிக்குள் ஒரு பொம்மை, சில்லறைக் காசு விலை. இதைச் செய்வதற்கான இயந்திரங்களுக்கு அவர் ஆர்டர் கொடுத்தபோது, ஈஸ்டர் முட்டைக்கு இத்தனை இயந்திரமா, ஏதோ தவறு நடந்துவிட்டது என்று அலுவலகத்தில் ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். அதை அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஆனால் அமெரிக்காவில் அந்த முட்டை நுழைய முடியவில்லை. தின்பண்டத்துக்குள் தின்ன முடியாத பொருளைப் பொதித்து விற்கக் கூடாது என்று அங்கே 1938-ல் இயற்றிய சட்டம் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் பார்க்கும் கிண்டர் ஜாய் அதே யோசனையின் இன்னொரு வடிவம்: பிளாஸ்டிக் முட்டையை இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கம் பொம்மை, இன்னொரு பக்கம் கரண்டியால் வழித்துச் சாப்பிடும் கிரீம். இரண்டும் தனித்தனியாக மூடப்பட்டிருக்கும். வெயில் ஊருக்கு இது பொருத்தமான ஏற்பாடு. சாக்லேட் ஓடு உருகினால் முட்டையே போச்சு, கிரீமுக்கு உருகும் கவலை இல்லை.

அவர் பண்டங்களில் எனக்கு மிக வியப்பானது 1982-ல் வந்த ஃபெரேரோ ரோஷேதான். ஒன்றை எடுத்துக் கத்தியால் சரிபாதியாக வெட்டிப் பாருங்கள். நடுவில் வறுத்த முழு ஹேசல்நட் ஒன்று. அதைச் சுற்றி ஹேசல்நட் கிரீம். அதற்கு வெளியே, ஐஸ்கிரீம் கோன் மாதிரி மொறுமொறுப்பான மெல்லிய வேஃபர் உருண்டை. அதன்மேல் பால் சாக்லேட்டும் பொடியாக நறுக்கிய பருப்பும். வேஃபரை முழு உருண்டையாகச் சுட முடியாது. அரைக்கோளக் குழிகள் உள்ள தகடாகச் சுட்டு, குழிகளில் கிரீமும் பருப்பும் இட்டு, இரண்டு தகடுகளைக் கவிழ்த்து ஒட்டி, உருண்டைகளை வெட்டி எடுக்க வேண்டும். வேஃபர் ஈரம் பட்டால் நமத்துப்போகும். கிரீமில் தண்ணீர் இல்லாததால் மாதக்கணக்கில் மொறுமொறுப்பு நிற்கிறது. இப்படிப்பட்ட இயந்திரம் கடையில் விற்காது. ஃபெரேரோ கம்பெனி தன் இயந்திரங்களில் பலவற்றைத் தன் பொறியாளர்களைக் கொண்டே வடிவமைத்துச் செய்துகொள்ளும். பண்டத்தைக் காப்பியடிக்க நினைப்பவருக்கு செய்முறையைவிட இயந்திரம்தான் பெரிய தடை.

அப்புறம் அந்த அலங்காரம். தங்கத்தாள், மேலே சின்ன ஸ்டிக்கர், கீழே காப்பி நிறக் காகிதக் கிண்ணம், ஒளி ஊடுருவும் பெட்டி. அரண்மனை விருந்தில் வைக்கத் தகுந்த தோற்றம், ஆனால் நடுத்தரக் குடும்பம் யோசிக்காமல் வாங்கும் விலை. மோன் ஷெரியில் செய்ததன் மறுபக்கம் இது. அங்கே பண்டிகைப் பொருளை அன்றாடக் காசுக்குக் கொண்டு வந்தார். இங்கே அன்றாடம் வாங்கக்கூடிய ஒரு பொருளுக்குப் பண்டிகை உடை போட்டார். தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் நம் வீடுகளுக்கு வரும் அந்தப் பெட்டி இந்தக் கணக்கில்தான் வருகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தாலி, ஜெர்மனி போன்ற நாடுகளில் வெயில் மாதங்களில் ரோஷேயையும் மோன் ஷெரியையும் கடைகளிலிருந்து எடுத்துவிடுவார்கள். இளகிப்போன சரக்கை விற்றுப் பெயரைக் கெடுத்துக்கொள்வதைவிட மூன்று மாத வியாபாரம் போகட்டும் என்ற முடிவு. காலாண்டு லாபத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய தலைவரால் இதை எளிதில் செய்ய முடியாது.

டிக் டாக் (1969), காப்பி நிரப்பிய பாக்கெட் காஃபி சாக்லேட், இத்தாலியர்கள் கோடையில் குடிக்கும் எஸ்டாத்தே குளிர்தேநீர் (1972) எல்லாம் அவர் காலத்துச் சரக்குகள்தான். எல்லாவற்றிலும் ஒரே கணக்கு.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். 1950களில் லாங்கே குன்றுகள் பஞ்சம் பிடித்த பகுதி. இளைஞர்கள் நிலத்தை விட்டுவிட்டு டூரின் கார் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஃபெரேரோ கம்பெனி கிராமம் கிராமமாகப் பேருந்து விட்டது. காலையில் ஏற்றிக்கொண்டு வந்து, வேலை முடிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விடும். ஆட்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆலையில் சம்பளமும் வாங்கலாம், திராட்சைத் தோட்டத்தையும் ஹேசல்நட் மரங்களையும் பார்த்துக்கொள்ளலாம். கம்பெனிக்கு வேண்டிய பருப்பும் அதே குன்றுகளில் விளைந்தது. இது தர்மமா, வியாபாரமா என்று பிரிக்க முடியாத ஏற்பாடு. அப்படிப் பிரிக்க வேண்டிய அவசியம் மிக்கேலேவுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. 1983-ல் அவர் தொடங்கிய அறக்கட்டளை, கம்பெனியில் 25 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களுக்கு மருத்துவம், பயிற்சிக்கூடம், கலை, கைவேலை என்று பல வசதிகள் செய்கிறது.

தொழிலாளர்கள் இதைத் திருப்பிக் காட்டிய தருணமும் வந்தது. 1994 நவம்பரில் தனாரோ ஆறு கரைபுரண்டு ஆல்பா ஆலைக்குள் புகுந்தது. இயந்திரங்களெல்லாம் சேற்றில். வேலைக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் மண்வெட்டியோடு வந்து சேற்றை வாரினார்கள். பலருடைய சொந்த வீடுகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்திருந்த நேரம் அது. சில வாரங்களில் ஆலை மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது.

அவருடைய பக்தியையும் சொல்லாமல் விட முடியாது. பிரான்ஸில் உள்ள லூர்து மாதா மேல் ஆழ்ந்த பக்தி. ஆண்டுதோறும் யாத்திரை போவார், தன் ஆலைகளில் மாதா சிலை வைத்தார். லூர்து குகை அமைந்திருக்கும் பாறையின் பெயரிலிருந்தே ரோஷே பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். கம்பெனியின் 50-ஆம் ஆண்டு விழாவில், நம் வெற்றிக்கு லூர்து மாதாவே காரணம் என்று வெளிப்படையாகப் பேசினார். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் இருக்கும் ஊரில் இது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றாது.

மூன்றாவது கேள்வி: ஏன் பெயர் தெரியவில்லை? அவரே விரும்பிச் செய்தது அது. பேட்டி கொடுக்க மாட்டார், மேடை ஏற மாட்டார். கிடைக்கும் சில படங்களிலும் கறுப்புக் கண்ணாடி. ஊழியர்களுக்கு அவர் 'சிஞ்ஞோர் மிக்கேலே', அதாவது மிக்கேலே ஐயா, அவ்வளவுதான். இத்தாலியில் பணக்காரர்களைக் கடத்திப் பணம் பறிப்பது சாதாரணமாக நடந்த 1970களில் குடும்பத்தை பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்கு மாற்றினார். பிற்காலத்தில் மான்டி கார்லோவில் வீடு. அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஆல்பாவுக்கு வந்து போவார். வந்தால் போகும் இடம் ருசி பார்க்கும் ஆய்வுக்கூடம். கடைசிக் காலத்தில் ஓர் இத்தாலிய நாளிதழ் ஆசிரியரிடம் மனம்விட்டுப் பேசினார், அதுவும் அவர் இறந்த பிறகுதான் அச்சில் வந்தது. வலேரியா கதையும் முட்டை இயந்திரக் கதையும் ஊருக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

பங்குச் சந்தைக்குப் போகாததற்கும் காரணம் சொல்லியிருக்கிறார். நீண்ட காலத் திட்டம் போட்டு நிதானமாக வளர வேண்டும், சந்தையின் ஏற்ற இறக்கத்துக்குத் தினமும் பதறக் கூடாது என்பது. எஸ்டாத்தே மாதிரி மெதுவாகப் பிடித்த பண்டங்களை அவர் பொறுமையாக வைத்திருந்து வளர்த்ததைப் பார்த்தால் இது வெறும் பேச்சு இல்லை என்று தெரியும். ஆனால் இதே மூடிய கதவுக்கு வேறு பக்கமும் உண்டு. குடும்பக் கம்பெனி, தலைமையகம் லக்சம்பர்கில். வெளியாருக்குக் கணக்கு சொல்ல வேண்டிய கட்டாயம் குறைவு. அதனால் கம்பெனியைப் பற்றிய சங்கடமான விஷயங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் எழுந்தன.

அவற்றில் இரண்டு முக்கியம். ஒன்று சர்க்கரை. 100 கிராம் நுடெல்லாவில் 56 கிராம் சர்க்கரை. இதைச் சமச்சீரான காலை உணவின் பகுதி என்று அமெரிக்காவில் விளம்பரம் செய்ததற்காக வழக்கு வந்து, 2012-ல் சுமார் 30 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். வலேரியாவுக்குத் துரோகம் செய்யாதே என்று சொன்னவரின் கம்பெனி, அம்மாக்களிடம் இப்படிப் பேசியிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மற்றொன்று ஹேசல்நட். உலக விளைச்சலில் ஏறக்குறைய 70 சதவீதம் துருக்கியிலிருந்து வருகிறது. அதை மிக அதிகமாக வாங்குபவர்களில் முதலிடம் ஃபெரேரோவுக்கு. 2014-ல் துருக்கியின் பெரிய ஹேசல்நட் நிறுவனமான ஓல்தானையே வாங்கிவிட்டார்கள். அங்கே அறுவடைக்கு இடம்பெயர்ந்து வரும் கூலிக் குடும்பங்களில் பிள்ளைகளும் வேலை செய்வது நீண்டகாலப் பிரச்சினை. லாங்கே விவசாயிக்குப் பேருந்து விட்ட கம்பெனி கருங்கடல் கரைக் கூலிக்காரர்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. கம்பெனி சில திட்டங்களில் சேர்ந்திருக்கிறது. பிரச்சினை தீர்ந்துவிடவில்லை.

குடும்ப விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனைவி மரியா ஃபிராங்கா கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவர். 1962-ல் திருமணம். பியெத்ரோ, ஜொவான்னி என்று இரண்டு மகன்கள், தாத்தா பெயரும் சின்னத் தாத்தா பெயரும். 1997-ல் இருவரும் கூட்டாகத் தலைமை நிர்வாகிகள் ஆனார்கள். மிக்கேலே தலைவர் பதவியில் இருந்துகொண்டு பண்டங்களைப் பார்த்துக்கொண்டார். பிரிட்டனின் கேட்பரி கம்பெனி விற்பனைக்கு வந்தபோது ஃபெரேரோவும் அதைப் பரிசீலித்து, கடைசியில் விலகிக்கொண்டது. 2010-ல் கேட்பரி, அமெரிக்க உணவுக் கம்பெனியான க்ராஃப்ட் கைக்குப் போனது. பெரியவர் காலத்தில் ஃபெரேரோ மற்றவர்களின் பிராண்டுகளை வாங்கி வளர்ந்த கம்பெனி இல்லை. 2011 ஏப்ரலில் மூத்த மகன் பியெத்ரோ தென்னாப்பிரிக்காவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார், வயது 47. அடுத்து வாரிசாக வர வேண்டியவரை 86-ஆவது வயதில் அடக்கம் செய்தார் மிக்கேலே.

2015 பிப்ரவரி 14-ல், 89 வயதில், மான்டி கார்லோவில் காலமானார். இத்தாலியின் மிகப்பெரிய பணக்காரர் அப்போது அவர்தான். ஆல்பாவில் கடைசி மரியாதை செலுத்த ஆயிரக்கணக்கானோர் குளிரில் வரிசையில் நின்றார்கள். அதில் ஆலைச் சீருடை போட்டிருந்தவர்களும் நிறைய.

அதன்பின் இளைய மகன் ஜொவான்னி வேறு பாதையில் போகிறார். இவர் நாவல்களும் எழுதுகிறவர். அதே 2015-ல் பிரிட்டனின் சாக்லேட் கம்பெனியான தோர்ன்டன்ஸை வாங்கினார். 2017-ல் முதல் முறையாகக் குடும்பத்துக்கு வெளியே இருந்து ஒருவரைத் தலைமை நிர்வாகியாக்கித் தான் செயல் தலைவரானார். 2018-ல் நெஸ்லேயின் அமெரிக்க மிட்டாய்ப் பிரிவை 280 கோடி டாலருக்கு வாங்கினார். விற்பனை வளர்ந்திருக்கிறது. ஆனால் நுடெல்லா, கிண்டர், ரோஷே அளவுக்கு உலகம் முழுவதும் பிடித்த புதுப் பண்டம் ஒன்று அந்தப் பட்டறையிலிருந்து அதற்குப் பிறகு வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பங்குகள் இன்னமும் குடும்பத்திடமே இருக்கின்றன, சந்தையில் தேடிப் பயனில்லை.

இந்தியாவில் ஆலை இருக்கிறதா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். இருக்கிறது. மகாராஷ்டிராவில் புனேக்கு அருகே பாராமதியில், 2011 முதல். தென்னாப்பிரிக்கா, கேமரூன், இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் வேலைவாய்ப்பை முதல் நோக்கமாக வைத்து மிக்கேலே தொடங்கிய திட்டத்தின் பகுதி அது. உள்ளூர்ப் பெண்கள் நிறையப் பேர் அங்கே வேலை செய்கிறார்கள். நம் கடைகளில் கிடைக்கும் கிண்டர் ஜாயும் டிக் டாக்கும் அங்கே தயாராகின்றன. ஏலக்காய் வாசனையில் ஒரு டிக் டாக் வந்ததே, அது இந்தியாவுக்கென்றே போட்டது.